சூதாட்ட விடுதி நடத்திக் காட்டிய பரிசோதனை

ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் மனநலச் சிக்கல்கள் அதிகம் தென்படுகின்றன. இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பல நாடுகளில், பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் சொல்லிவரும் விஷயம்தான். ஏன் அப்படி என்று கேட்டால்தான் வாதம் ஆரம்பிக்கிறது.

சட்டென்று தோன்றும் பதில், வறுமை பிள்ளையின் மனதைப் பாதிக்கிறது என்பது. கடன், இட நெருக்கடி, வீட்டில் ஓயாத சண்டை, நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கவலை. இதற்கு நடுவில் வளரும் பிள்ளை முரண்டு பிடிப்பதில் என்ன ஆச்சரியம்? சரி. ஆனால் இதையே தலைகீழாகவும் சொல்லலாம். தீராத மனச்சோர்வோ குடிப்பழக்கமோ உள்ள ஒருவரால் ஒரு வேலையில் நிலைத்திருக்க முடிவதில்லை. அதனால் குடும்பம் ஏழ்மைக்குள் சரிகிறது. பெற்றோரின் சிக்கல் மரபணு வழியாகவோ வளர்ப்பு வழியாகவோ பிள்ளைக்கும் வருகிறது. இந்தக் கதையில் வறுமையும் ஒரு விளைவுதான். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பெற்றோர் பிரிந்துபோனது மாதிரி வேறு ஏதோ ஒன்று, வருமானத்தையும் குறைத்துப் பிள்ளையையும் உலுக்கியிருக்கலாம்.

முதல் விளக்கத்தைச் சமூகக் காரணம் என்றும் இரண்டாவதைச் சமூகத் தேர்வு என்றும் அழைப்பார்கள். 1939இல் ராபர்ட் ஃபாரிஸ், வாரன் டன்ஹம் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள், சிகாகோ நகரத்தில் மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் எந்தெந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். மனச்சிதைவு நோயாளிகள் நகரின் நடுவில் இருந்த ஏழைப் பகுதிகளில் குவிந்திருந்தார்கள். புறநகரை நோக்கிப் போகப்போகக் குறைந்தார்கள். அந்தப் பகுதியின் வாழ்க்கை அவர்களை நோயாளிகளாக்கியதா, நோய் வந்தவர்கள் வாடகை குறைந்த பகுதிக்கு வந்து சேர்ந்தார்களா? வரைபடத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பதில் வராது. இரண்டு கதைக்கும் படம் ஒன்றுதான்.

இது பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் நடக்கும் சண்டை என்று விட்டுவிட முடியாது. முதல் கதை சரி என்றால் குடும்பத்துக்குப் பணம் கிடைத்தாலே பிள்ளையிடம் மாற்றம் தெரிய வேண்டும். இரண்டாவது சரி என்றால் பணம் கொடுத்துப் பயனில்லை, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சிகிச்சைதான் தேவை. ஓர் அரசு எதில் செலவழிப்பது என்பது இந்தக் கேள்வியில் தொங்குகிறது.

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க மருத்துவத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு வெறும் மாத்திரை. யார் எந்தப் பக்கம் போனார் என்பதைக் குலுக்கல் தீர்மானித்ததால், போதுமான ஆட்கள் இருந்தால் இரண்டு பக்கமும் மற்ற எல்லா வகையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பிற்பாடு தெரியும் வித்தியாசத்தை மருந்தின் கணக்கில் எழுதலாம். வறுமையை இப்படிச் சோதிக்க முடியுமா? பாதிக் குடும்பங்களைப் பிடித்து ஏழையாக்கிப் பார்க்க எந்த மனிதனுக்கும் உரிமை கிடையாது. பாதிப் பேருக்குப் பணம் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு ஏராளமான பணமும் பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும்.

அப்போதுதான் இயற்கைப் பரிசோதனை என்ற கருத்து கைகொடுக்கிறது. ஆய்வாளர் எதையும் செய்வதில்லை. சட்டமோ, போரோ, பஞ்சமோ, எதிர்பாராத வருமானமோ ஒரு கூட்டத்தை மட்டும் தொட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் அதே மாதிரியான இன்னொரு கூட்டத்தை விட்டுவிடுகிறது. தொட்டதற்கும் விட்டதற்கும் அந்த மக்களின் குணமோ முயற்சியோ காரணமாக இருக்கக் கூடாது. அது மட்டும் உறுதியானால், குலுக்கல் நடந்த மாதிரியே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

நெதர்லாந்தின் பசிக் குளிர்காலம் இதற்குப் பேர்போன உதாரணம். 1944-45இல் ஜெர்மன் படைகள் நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தன. அந்தச் சில மாதங்களில் தாயின் வயிற்றில் இருந்தவர்களையும், சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களையும் பல ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டார்கள். பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. எந்தத் தாயும் பஞ்சத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் அந்த ஒப்பீட்டின் பலம்.

குழந்தை மனநலத்தில் இதற்கு இணையாக எனக்குப் பிடித்த ஆய்வு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மலைப் பகுதியில் நடந்தது. பெயர், கிரேட் ஸ்மோக்கி மலைகள் ஆய்வு. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் காஸ்டெல்லோவும் ஏட்ரியன் ஆங்கோல்டும் 1993இல் இதைத் தொடங்கினார்கள். கிராமப்புறப் பிள்ளைகளுக்கு என்னென்ன மனநலச் சிக்கல்கள் வருகின்றன, அவர்களில் எத்தனை பேருக்கு உதவி கிடைக்கிறது என்று தெரிந்துகொள்வதே அவர்கள் நோக்கம். வருமானம் திடீரென்று உயர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அவர்கள் திட்டத்திலேயே இல்லை.

இந்த மாதிரி ஆய்வைத் தொடர் ஆய்வு என்பார்கள். அதே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்ப்பது. 9, 11, 13 வயதில் மூன்று தொகுதிகளாக மொத்தம் 1,420 பிள்ளைகள். ஆட்களைச் சேர்த்த விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் 11 மாவட்டங்களில் பல ஆயிரம் பெற்றோர்களிடம், பிள்ளையின் நடத்தை பற்றிச் சின்னதாக ஒரு கேள்வித்தாள். அதிக மதிப்பெண் வந்த பிள்ளைகள் அனைவருக்கும் அழைப்பு. மற்றவர்களில் பத்துக்கு ஒருவருக்கு மட்டும். சிக்கல் உள்ள பிள்ளைகள் ஆய்வில் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கடைசியில் கணக்குப் போடும்போது, அந்தப் பத்தில் ஒருவரைப் பத்துப் பேராக எண்ணி நேர் செய்துவிடுவார்கள். அந்தப் பகுதியில் வாழும் செரோக்கி பழங்குடியினர் மக்கள்தொகையில் சிறுபான்மை என்பதால், அந்த வயதுச் செரோக்கிப் பிள்ளைகள் எல்லோரையும் அழைத்தார்கள். ஏறக்குறைய 350 பேர் சேர்ந்தார்கள். இந்த முடிவு பின்னால் எவ்வளவு உதவப் போகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

சர்க்கரை நோய்க்கு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். பிள்ளையின் மனதுக்கு அப்படி ஒரு சோதனை கிடையாது. பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதே பகுதியைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுத்து நேர்காணலுக்கு அனுப்பினார்கள். பிள்ளையிடம் தனியாக, பெற்றோரிடம் தனியாக. இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்வார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. பையன் கடையில் திருடியது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். தான் எவ்வளவு எரிந்து விழுகிறோம் என்பது பையனுக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் இருவரில் ஒருவர் சொன்னாலும் அந்த அறிகுறி உண்டு என்று குறித்துக்கொண்டார்கள். 'அடிக்கடி சண்டை போடுவாயா' என்று கேட்டு ஆம், இல்லை என்று டிக் அடிக்கும் வேலையாகவும் அது இல்லை. எத்தனை முறை, எங்கே, எப்போது தொடங்கியது, அதனால் படிப்போ நட்போ கெட்டதா என்று துருவிக் கேட்டு, முன்பே எழுதிவைத்த வரையறையோடு பொருத்திப் பார்த்து நேர்காணல் செய்பவர் முடிவெடுக்க வேண்டும். கடந்த மூன்று மாதங்களைப் பற்றி மட்டும் கேட்டார்கள். அதற்கு முந்தையதைக் கேட்டால் ஞாபகம் கதை கட்ட ஆரம்பித்துவிடும்.

பத்திரிகைகளில் வரும் மனநலச் சதவீதங்களைப் படிக்கும்போது, இந்த ஆய்விலிருந்து வந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எந்த மூன்று மாதத்தை எடுத்தாலும் சுமார் 13 சதவீதப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அதே பிள்ளைகளில், 16 வயதுக்குள் ஒரு முறையாவது கோளாறு வந்து போனவர்கள் சுமார் 37 சதவீதம். பையன்களில் 42, பெண்களில் 31. இரண்டும் உண்மை. ஒன்று, இப்போது எத்தனை பேர் என்ற கணக்கு. மற்றது, இதுவரை எத்தனை பேர் என்ற கணக்கு. 'மூன்றில் ஒரு குழந்தைக்கு மனநோய்' என்று தலைப்பைப் பார்த்தால், எந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்கள். பல பேருக்கு இது வந்துவிட்டுப் போகிற விஷயம்.

சரி, கதைக்கு வருவோம். பழங்குடி நிலங்களில் சூதாட்ட விடுதி நடத்துவதை முறைப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் 1988இல் வந்தது. செரோக்கிகளில் பெரும்பாலோரை 1838-39இல் அமெரிக்க அரசு மேற்கே விரட்டியபோது மலைகளிலேயே தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள்தான் இங்கே உள்ள கிழக்குச் செரோக்கிகள். இவர்களுடைய நிலத்தில் 1997இல் ஒரு பெரிய கேசினோ திறந்தது. லாபத்தில் பாதியைத் தங்கள் உறுப்பினர்கள் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பது என்று அந்தச் சமூகம் முடிவு செய்தது. ஆண்டுக்கு இரண்டு தவணை. வேலை இருக்கிறதா, எவ்வளவு சம்பாதிக்கிறாய், குடிக்கிறாயா என்று எந்தக் கேள்வியும் இல்லை. பிள்ளைகளுக்கான பங்கு மட்டும் அவர்கள் பெரியவர்கள் ஆகும்வரை வைப்பில் இருக்கும். தொகை ஆரம்பத்தில் சிறியது, ஆண்டுக்கு ஆண்டு கூடியது. ஆய்வாளர்கள் பிறகு எடுத்துக்கொண்ட சராசரி, ஒருவருக்கு ஆண்டுக்கு 4,000 டாலர்.

கணக்கு வாத்தியாருக்கே இப்படி ஒரு வாய்ப்பு அமையாது. ஆய்வு பாதியில் இருக்கிறது. 1993 முதல் ஆண்டுதோறும் நேர்காணல் நடந்துவருகிறது, அதாவது 'முன்பு' எப்படி இருந்தது என்பது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. இப்போது ஒரு பகுதிப் பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும், அவர்கள் எதுவும் செய்யாமலே, பணம் வருகிறது. அதே மலைகளில் வாழும் வெள்ளையர் குடும்பங்களுக்கு அது வருவதில்லை. மனநலம் சரியில்லாத பெற்றோரால் சம்பாதிக்க முடியவில்லை என்ற இரண்டாவது கதைக்கு இங்கே இடமில்லை. அப்படிப்பட்ட பெற்றோருக்கும் காசோலை வந்தது.

முடிவு 2003இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியானது. பணம் பெற்ற செரோக்கிக் குடும்பங்களில் 32 சதவீதம் முன்பிருந்தே ஏழைகள் அல்ல. 14 சதவீதம் வறுமைக் கோட்டைத் தாண்டி மேலே வந்தன. 53 சதவீதம் பணம் வந்தும் ஏழைகளாகவே இருந்தன. கேசினோ வருவதற்கு முன், பிற்பாடு மேலே வரவிருந்த வீட்டுப் பிள்ளைகளிடம் சராசரியாக 4.28 அறிகுறிகள், ஏழைகளாகவே நீடிக்கவிருந்த வீட்டுப் பிள்ளைகளிடம் 4.38, ஏழையல்லாத வீட்டில் 2.75. முதல் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். பணம் வந்த பிறகு, வறுமையிலிருந்து மேலே வந்த வீட்டுப் பிள்ளைகளின் அறிகுறிகள் ஏழையல்லாத பிள்ளைகளின் அளவுக்கு இறங்கின. ஏழைகளாகவே இருந்த வீடுகளில் இறங்கவில்லை.

செய்தித்தாள்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் எனக்கு அடுத்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. குறைந்தவை எல்லாம் நடத்தை சார்ந்த அறிகுறிகள்: அடிதடி, திருட்டு, பெரியவர்களை எதிர்ப்பது, சொன்னதைக் கேட்காமல் இருப்பது. பதற்றமும் மனச்சோர்வும் அசையவே இல்லை. ஆக, 'வறுமையா, பரம்பரையா' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. முரட்டு நடத்தையில் சமூகக் காரணம் என்ற விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது. மனச்சோர்விலும் பதற்றத்திலும், குறைந்தபட்சம் இந்தப் பிள்ளைகளிடம், பணம் வந்த பிறகு பார்த்த நான்கு ஆண்டுகளில், அது பொருந்தவில்லை. மனநலம் என்று ஒரே பெயரில் நாம் மூட்டை கட்டி வைத்திருப்பவற்றுக்கு வெவ்வேறு வேர்கள் இருக்கின்றன.

பணம் எந்த வழியாகப் பிள்ளையைத் தொட்டது? ஆய்வாளர்கள் குடும்பத்தைப் பற்றிச் சேர்த்து வைத்திருந்த தகவல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். விளைவின் பெரும் பகுதியை, ஏறக்குறைய முக்கால் பங்கை, ஒரே விஷயம் விளக்கியது: பெற்றோரின் கண்காணிப்பு. பிள்ளை எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான், எப்போது வீட்டுக்கு வருகிறான் என்று பார்த்துக்கொள்ள முடிந்ததா என்பது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், பிள்ளை மேல் ஒரு கண் இருப்பது. பெற்றோருக்கு நேரமும் மூச்சுவிட இடமும் கிடைத்தபோது அந்தக் கண் திரும்ப வந்திருக்கிறது. பிள்ளை தெருவில் என்ன செய்கிறான் என்பதை அது மாற்றும். தனியாக உட்கார்ந்து எதை நினைத்து வருந்துகிறான் என்பதை அவ்வளவாக மாற்றாது. நடத்தை மாறி மனச்சோர்வு மாறாததற்கு இது ஒரு நியாயமான விளக்கம் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகும் ஆய்வு அவர்களை விடவில்லை. காசோலை வரத் தொடங்கியபோது மூன்று தொகுதிகளும் ஏறக்குறைய 12, 14, 16 வயதில் இருந்தன. அதாவது சிறியவர்களுக்குப் பெற்றோர் வீட்டில் அந்தப் பணத்தோடு வளர அதிக ஆண்டுகள் கிடைத்தன. 2010இல் வெளியான ஒப்பீட்டின்படி, இளம் பருவம் தாண்டிய வயதில் மனநலக் கோளாறோ போதைப் பழக்கக் கோளாறோ இருந்தவர்கள் இளைய தொகுதியில் சுமார் 31 சதவீதம், மற்ற இரண்டு தொகுதிகளிலும் 41 சதவீதத்துக்குச் சற்று மேல். வித்தியாசம் அதிகம் தெரிந்தது மதுவிலும் கஞ்சாவிலும். பொருளியலாளர் ராண்டல் அக்கீ, இதே ஆய்வாளர்களோடு சேர்ந்து இன்னொரு பக்கத்தைப் பார்த்தார். மிகவும் ஏழையாக இருந்த வீடுகளில் ஆண்டுக்கு 4,000 டாலர் கூடுதலாக வந்தபோது, பிள்ளைகள் 21 வயதுக்குள் ஏறக்குறைய ஓர் ஆண்டு அதிகம் படித்திருந்தார்கள். 16, 17 வயதில் சிறு குற்றங்களில் சிக்கும் வாய்ப்பு 22 சதவீதம் குறைந்திருந்தது.

எல்லாமே நல்ல செய்தி என்று முடித்துவிட்டால் அது விளம்பரம். முதலில் ஏழையாக இருந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்தபோது உடல் எடை கூடியிருந்ததாக அக்கீ குழுவே பிறகு எழுதியது. தொகை பெரிதாக வந்த மாதங்களில் செரோக்கிகளிடையே விபத்து மரணங்கள் அதிகரித்ததாக வேறொரு குழு கண்டது. கையில் மொத்தமாகப் பணம் வந்ததும் வண்டியில் கிளம்புவதும் குடிப்பதும் கூடினால் என்ன ஆகும் என்று ஊகிப்பது கடினமில்லை. பணம் மாதாமாதம் கொஞ்சமாக வருவதும், ஆண்டுக்கு இரண்டு முறை கொத்தாக வருவதும் ஒன்றல்ல.

இயற்கைப் பரிசோதனையின் பலவீனமும் இதே ஆய்வில் தெரிகிறது. 350 பேரில் 14 சதவீதம் என்றால் சுமார் 50 பிள்ளைகள். அத்தனை பெரிய பேச்சும் இந்தச் சின்னக் கூட்டத்தின் மேல்தான் நிற்கிறது. அதே காலத்தில் வேறு வழிகளில் வறுமையிலிருந்து வெளியே வந்த வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளிடமும் இதே மாற்றம் தெரிந்ததால் கொஞ்சம் தெம்பு. இரண்டாவது, கேசினோ வெறும் காசோலையாக வரவில்லை. வேலை வாய்ப்பு வந்தது. லாபத்தின் மறு பாதி, பழங்குடி நிர்வாகத்தின் வழியாக ஊரின் பொதுத் தேவைகளுக்குப் போனது. தங்கள் நிலத்தில், தங்கள் முடிவில் வந்த வருமானம் என்ற பெருமிதமும் சேர்ந்திருக்கலாம். இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரிப்பது எளிதல்ல. குலுக்கல் இல்லாத இடத்தில் இந்தச் சந்தேகம் கடைசிவரை கூடவே வரும்.

ஆகவேதான் கடைசியில் நிஜமாகவே குலுக்கிப் பார்த்தார்கள். 2018இல் அமெரிக்காவின் நான்கு நகரப் பகுதிகளில், குழந்தை பெற்ற ஆயிரம் ஏழைத் தாய்மார்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதியினருக்கு மாதம் 333 டாலர், மற்றவர்களுக்கு 20 டாலர். எந்த நிபந்தனையும் இல்லை. குழந்தைகளுக்கு ஒரு வயதானபோது மூளை அலைகளில் சிறு வித்தியாசம் தெரிந்ததாக 2022இல் செய்தி வந்து பெரிதாகப் பேசப்பட்டது. நான்கு வயதில் மறுபடி அளந்தபோது மொழித் திறனிலோ நடத்தையிலோ மூளை அலைகளிலோ நம்பத்தக்க வித்தியாசம் எதுவும் காணோம்.

அப்படியென்றால் செரோக்கி முடிவு தப்பா? அவசரப்பட வேண்டாம். இங்கே தொகை குறைவு. அங்கே வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் வந்தது, ஊர் முழுக்க வந்தது, ஆயுள் முழுக்க வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நடுவில் கொரோனாக் காலமும் அரசின் நிவாரணப் பணமும் வந்து இரு பக்கத்தையும் கலக்கிவிட்டன. அதோடு, அங்கே மாற்றம் தெரிந்தது பெற்றோரின் கண்காணிப்பு வழியாக, தானாகத் தெருவுக்குப் போகும் வயதுப் பிள்ளைகளிடம். நான்கு வயதுக் குழந்தை அப்படித் தனியாக எங்கும் போவதில்லை. இந்தக் குழந்தைகள் 12, 13 வயதை எட்டும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன.